15 நாள் கணக்கும் தோட்டத்து முகவரியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவில் 2026 ஜனவரி 1 முதல், சாலைக் குற்றத்துக்குப் போலீஸ் தரும் சம்மனுக்கும் (அபராத நோட்டீஸ்) ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்து இலாகா தரும் சம்மனுக்கும் ஒரே கட்டண முறை நடப்பில் உள்ளது. சம்மன் வெளியான 15 நாளுக்குள் கட்டினால் பாதிக் கழிவு. 16ஆம் நாள் முதல் 30ஆம் நாள் வரை 33 விழுக்காடு கழிவு. 31 முதல் 60 வரை முழுத் தொகை. அதையும் தாண்டினால் நீதிமன்றம். "எப்படியும் ஒரு நாள் கழிவு அறிவிப்பார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று சம்மனை அலமாரியில் செருகி வைத்த காலம் முடிந்தது. அதில் எங்களுக்குக் குறை ஒன்றுமில்லை. 2025 மே மாதம் தெலுக் இந்தானில் கல் ஏற்றி வந்த லோரி மோதி எஃப்ஆர்யு எனும் கலகத் தடுப்புப் போலீஸ் வீரர்கள் 9 பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே கிரிக் அருகே பேருந்து கவிழ்ந்து உப்சி பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேரைப் பறிகொடுத்தோம். அதற்குப் பிறகும் சாலைச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

எங்கள் கேள்வி அந்த 15 நாளைப் பற்றியது. ஜொகூர் மாநிலத்தின் லாபிஸ், சிகாமட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் அந்த நாள்கள் எங்கே கரைகின்றன என்று பாருங்கள். நோட்டீஸில் 2ஆம் தேதி போட்டிருக்கிறது, கடிதம் 9ஆம் தேதி தோட்ட அலுவலகத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். லயத்துக்கு லயம் (தொழிலாளர் வீட்டு வரிசை) தபால்காரர் வருவதில்லை. எல்லாக் கடிதமும் ஒரே கட்டாக அலுவலகத்தில் இறங்கும். கிராணி (அலுவலக எழுத்தர்) அதைப் பிரித்து, பெயர் பார்த்து, மண்டோரிடம் (மேற்பார்வையாளர்) கொடுத்து, அவர் மறுநாள் வேலைக்கு முன் ஆள் கூடும் காலைப் பெரட்டில் கூப்பிட்டுக் கொடுக்க வேண்டும். நடுவில் ஒரு ஞாயிறும் ஒரு பொது விடுமுறையும் வந்தால் உறை கைக்கு வரும்போது 13ஆம் தேதி ஆகிவிடும். அரசாங்கம் கொடுத்தது 15 நாள். தொழிலாளிக்கு மிஞ்சுவது மூன்று நாலு நாள்.

300 வெள்ளி (ரிங்கிட்) சம்மன் முதல் 15 நாளில் 150 வெள்ளி, அடுத்த 15 நாளில் 201 வெள்ளி, அதன்பின் 300 வெள்ளி. குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியை 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாள் கூலி 65 வெள்ளி சொச்சம். 15ஆம் நாள் கட்டுகிறவர் இரண்டே கால் நாள் கூலியைக் கட்டுகிறார். 31ஆம் நாள் கட்டுகிறவருக்கு நாலரை நாள் கூலி போகிறது. செய்த தப்பு ஒன்றுதான். மீதிக் காசு தபாலுக்குக் கட்டும் அபராதம்.

கடிதத்துக்குக் காத்திருக்காமல் இருக்க வழி இருக்கிறது. போலீஸ் சம்மனை 'மைபாயார் பிடிஆர்எம்' செயலியிலும், ஜேபிஜே சம்மனை 'மைஜேபிஜே' செயலியிலும் பார்க்கலாம். ஒன்றைப் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று நிம்மதி அடைகிறவர்கள் அதிகம். இரண்டையும் பார்த்தால்தான் கணக்கு முழுமை. மாதம் ஒரு முறை, சம்பளத்தன்று பார்ப்பது போதாது. சம்பளத்துக்கு மறுநாள் பதிவான சம்மன் அடுத்த சம்பளத்தன்று கண்ணில் படும்போது பாதிக் கழிவு போயே போய்விடும். வாரம் ஒரு நாள், ஞாயிறு என்றே வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு செயலியையும் திறந்து பார்த்தால் குறைந்தது ஒரு வாரமாவது கையில் இருக்கும். வாட்சாப்பிலோ குறுஞ்செய்தியிலோ "உங்கள் சம்மன்" என்று இணைப்பு வந்தால் தொடவே வேண்டாம். அது வங்கிக் கணக்கைத் துடைக்கிறவர்களின் வேலை.

செயலி கூட பதிவேட்டில் உள்ள பெயரைத்தான் கேட்கும். தோட்டத்து மோட்டார் சைக்கிள் பாதிக்குமேல் சிக்குவது இந்தப் பெயரில்தான். ஓட்டுவது மகன், பெயர் அப்பாவுடையது. மகனின் கைப்பேசியில் உள்ள மைஜேபிஜே மகனின் ஐசிக்கு (அடையாள அட்டை) கட்டுப்பட்டது. அப்பாவின் மோட்டார் அதில் தெரியாது. அப்பாவிடம் இருப்பதோ பட்டன் போன். கேமரா பிடித்தது மகனை, நோட்டீஸ் போவது அப்பாவுக்கு. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம் 115ஆம் பிரிவின்படி, அந்த நேரம் ஓட்டியது யார் என்ற விவரத்தைக் கொடுக்கும் கடமை உரிமையாளருக்கு உண்டு. "நான் ஓட்டவில்லை" என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தால் ஆகாது. நோட்டீஸில் கொடுத்த கெடுவுக்குள் ஓட்டியவரின் பெயரையும் முகவரியையும் எழுதித் தர வேண்டும். அதற்கு முன் நோட்டீஸில் பதிவு எண், இடம், நேரம் மூன்றையும் பாருங்கள். கேமரா சம்மன் என்றால் படத்தையும் பாருங்கள். 8-உம் பி எழுத்தும் மங்கலில் ஒன்றுபோலத் தெரியும்.

இதைவிட மோசம் கையோடு கை மாறிய மோட்டார். ஆயிரம் வெள்ளிக்கு விற்று, கெரானையும் (பதிவுப் பத்திரம்) சாவியையும் கொடுத்து, "பிறகு பெயர் மாற்றிக்கொள்" என்று சொல்லி அனுப்பி மூன்று வருடம் ஆகியிருக்கும். வாகனம் கை மாறினால் ஏழு நாளுக்குள் பதிவு உரிமையாளர் தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. தெரிவிக்காதவரை வாங்கியவர் சிவப்பு விளக்கைத் தாண்டினாலும் சம்மன் விற்றவருக்கு. முதலில் வாங்குகிறவர் தன் பெயரில் காப்புறுதி எடுக்க வேண்டும். பிறகு இருவரும் ஐசியோடு ஜேபிஜே முகப்பிடத்துக்குப் போய்ப் பெருவிரல் பதிவு வைக்க வேண்டும். கடன் முடியாத மோட்டாரும், சம்மன் பாக்கியால் தடை விழுந்த மோட்டாரும் அங்கே வந்து நின்றுவிடும். ஆகவே போவதற்கு முன்பே அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். காசு கைமாறும் நாளும் பெருவிரல் வைக்கும் நாளும் ஒரே நாளாக இருக்கட்டும். மறுநாள் வருகிறேன் என்றவர் வருவதில்லை.

இறந்தவர் பெயரிலேயே ஓடும் மோட்டார்களும் இங்கே உண்டு. ஆண்டுதோறும் ரோட் டேக்ஸ் எடுக்க முடிகிறதே என்று குடும்பம் சும்மா இருந்துவிடுகிறது. விபத்து என்று வந்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்பது, பாலிசி யார் பெயரில் என்பதைத்தான். பெயர் மாற்ற இறப்புப் பத்திரம் மட்டும் போதாது. வாரிசுக்கு அதிகாரம் தரும் ஆவணம் வேண்டும். விட்டுச்சென்றது மோட்டார், சேமிப்பு போன்ற அசையும் சொத்து மட்டும் என்றால் அமானா ராயா எனும் அறங்காவல் நிறுவனத்தை அணுகலாம். வீடு, நிலமும் இருந்தால் நில அலுவலகத்தில் தொடங்க வேண்டும். காலம் பிடிக்கும் வேலை, ஆனாலும் தொடங்காமல் முடியாது.

முகவரியும் அப்படித்தான். தோட்டம் கைமாறி, லயம் இடிந்து, குடும்பங்கள் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீட்டுக்குப் போய் வருடங்கள் ஆகியும் பதிவேட்டில் பழைய தோட்டத்துப் பெயரே நிற்கிறது. வீடு மாறினால் 30 நாளுக்குள் ஐசியில் முகவரி மாற்ற வேண்டும். அதைச் செய்துவிட்டால் ஜேபிஜேயிலும் தானாக மாறிவிடும் என்று நம்பி இருக்காமல், அங்கேயும் சரி பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, யாரும் அவ்வளவாகப் பேசாதது. 2023 பிப்ரவரி 10 முதல் தனியார் வாகனங்களில் ரோட் டேக்ஸ் ஒட்ட வேண்டியதில்லை. வசதிதான். ஆனால் அந்தச் சின்ன வட்டத் தாள்தான் பலருக்கு நாள்காட்டியாக இருந்தது. மோட்டாரைத் துடைக்கும்போது தேதி கண்ணில் படும். இப்போது தாளும் இல்லை, செயலியும் திறப்பதில்லை. காப்புறுதி முடிந்தது தெரியாமல் மாதக் கணக்கில் செம்பனைக்காட்டுக்கும் கடைத்தெருவுக்கும் ஓடுகிறார்கள். காப்புறுதி இல்லாமல் ஓட்டினால் 90ஆம் பிரிவின்படி 1,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உரிமமும் 12 மாதம் பறிபோகலாம். முடியும் தேதியை ஒரு காகிதத்தில் எழுதி, பாலித்தீனில் சுற்றி, இருக்கைக்கு அடியில் ஒட்டிவைத்தால்கூடப் போதும். ஓட்டுநர் உரிமத்துக்கும் இதே கதி. முடிந்து மூன்று வருடம் தாண்டினால் புதுப்பிக்க முடியாது, பழகுநருக்கான எல் உரிமத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். மோட்டார் உரிமத்தைப் புதுப்பிக்க ஆண்டுக்கு 20 வெள்ளிதான்.

"தோட்டத்துக்குள்ளே ஓட்டுவதற்கு லைசன்ஸ் எதற்கு" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சட்டம் சாலை என்பது பொதுச் சாலையை மட்டும் குறிப்பதில்லை. பொதுமக்கள் போய்வரக்கூடிய எந்தச் சாலையும் அதில் அடங்கும். கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் மளிகைக் கடைக்கும் வெளியாள்கள் தாராளமாக வந்துபோகும் செம்மண் சாலையைத் தனியார் சாலை என்று நீதிமன்றத்தில் வாதாடுவது சுலபமில்லை. உரிமம் இல்லாமல் ஓட்டினால் 26ஆம் பிரிவின்படி 300 முதல் 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்தப் பிரிவு ஓட்டுகிறவரோடு நிற்பதில்லை, ஓட்ட விட்டவரையும் பிடிக்கும். 15 வயதுப் பையனிடம் சாவியைக் கொடுத்த அப்பா அதில் வருகிறார். மோட்டார் ஓட்டும் பி2 உரிமத்துக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அரசாங்கத்தின் மைலெசென் பி2 திட்டமும் உண்டு. இடம் அளவாகத்தான் தருகிறார்கள், அறிவிப்பு வந்ததும் பதிந்துவிட வேண்டும்.

கழிவு எல்லாக் குற்றத்துக்கும் உண்டு என்றும் சிலர் பேசிக்கொள்கிறார்கள். போதையில் ஓட்டுவதற்குச் சம்மனும் இல்லை, கழிவும் இல்லை, நேரே நீதிமன்றம். 2020 அக்டோபர் 23 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் அளவையும் இறக்கிவிட்டது. 100 மில்லிலிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராம் என்றிருந்தது 22 ஆயிற்று. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் 50 ஆயிற்று. உயிர்ச்சேதம் ஏற்படுத்தினால் 10 முதல் 15 ஆண்டு சிறையோடு 50,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம். பழைய அளவை மனத்தில் வைத்துக்கொண்டு "ரெண்டு டின்தானே" என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஜேபிஜேயும் போலீசும் செய்யக்கூடியது ஒன்றிரண்டு உண்டு. தோட்ட அலுவலக முகவரிக்குப் போகும் நோட்டீசுக்கு 15 நாளை அலுவலகம் பெற்ற தேதியிலிருந்து எண்ணலாம். அது முடியாதென்றால் நோட்டீஸ் வெளியாகும் அன்றே பதிவு உரிமையாளரின் கைப்பேசிக்கு, இணைப்பு எதுவும் இல்லாத ஒரு குறுஞ்செய்தி அனுப்பலாம். பட்டன் போனிலும் அது வரும். லாபிஸிலிருந்து சிகாமட் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். பெயர் மாற்ற விற்றவர், வாங்கியவர் இருவருமே ஒரு நாள் கூலியை விட வேண்டியிருக்கிறது. ஜேபிஜேயின் நடமாடும் முகப்பிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்ட மண்டபத்துக்கு வந்தால் ஒரே நாளில் எத்தனையோ மோட்டார் உண்மையான உரிமையாளர் பெயருக்கு மாறிவிடும்.

தோட்ட நிர்வாகங்களுக்குக் காசில்லாத ஒரு வேலை. கடிதக் கட்டு வந்ததும் அரசாங்க உறைகளைத் தனியே எடுத்து, வந்த தேதியை உறைமேல் முத்திரை குத்தி, பெயர்ப் பட்டியலை அன்றைக்கே பெரட்டுக் களத்துப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
லாபிஸ், ஜொகூர்.