புதுமை விவசாயியைத் தேடும் சயாமார்களுக்கு ஒரு திறந்த மடல்

விவசாயிகளின் புதுமைக்குப் பரிசு கொடுக்கும் போட்டியை நடத்துகிற சயாமார்களுக்கு (ஐயாமார்களுக்கு), பர்மாவில் பெகு பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வணக்கம்.

நீங்கள் செய்வது நல்ல காரியம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் விண்ணப்பப் படிவம் எங்கள் ஊர்க் கோயில் திண்ணைக்கு வந்தபோது ஏழெட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்துகொண்டோம், பர்மியம் நன்றாக வாசிக்கிற பையன் ஒருவன் வரிவரியாகத் தமிழில் சொன்னான், எல்லோருக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவன் வாசித்து முடித்தபோது அந்தத் திண்ணையில் இருந்த யாராலும் அதை நிரப்ப முடியாது என்று தெரிந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் ஊரில் ஓர் அக்கா இருக்கிறார். வயது 60 தாண்டிவிட்டது, ஐந்து ஏக்கர் குத்தகை, மழைக்காலத்தில் நெல், பனிக்காலத்தில் உளுந்து. அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே, நிற்கிற நெல்லுக்குள் ஈரத்தில் உளுந்தை வீசிவிடுவது எங்கள் தாத்தாமார் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து கொண்டுவந்த பழக்கம். நெல்லை அறுத்து எடுத்தால் தாளுக்கு நடுவே உளுந்து முளைத்து நிற்கும், தனியாக உழவே வேண்டாம். அரிவாளால் அறுத்த காலம் வரை அது சரியாக இருந்தது. அப்புறம் பிள்ளைகள் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போனார்கள், அறுக்க ஆள் இல்லை, அறுப்பு மெஷின் வந்தது, அதன் சங்கிலிப் பட்டை முளைத்து நின்ற உளுந்தைச் சேற்றோடு சேர்த்து அரைத்துவிட்டது. வேறு வழியில்லாமல் அறுப்பு முடிந்த பிறகு டோலாஜி என்கிற சின்ன உழவு மெஷினை வாடகைக்குப் பிடித்து, இரண்டு சால் உழுது விதைக்க ஆரம்பித்தோம். அதற்குள் மண் காய்ந்துவிடும், டீசல் காசு வேறு.

அக்கா என்ன செய்தார் என்றால், மெஷின் வயலை விட்டு இறங்கிய அன்றைக்கே, கால் வைத்தால் தடம் பதிகிற ஈரத்தில், உழாமல் உளுந்தை வீசினார். மெஷின் வரிசையாகத் தள்ளிவிட்டுப் போன வைக்கோலை உதறி விதைக்கு மேலே பரப்பினார். முதல் வருடம் வைக்கோல் கனமாகிப் போனதில் பாதி முளை வெளுத்துச் செத்துவிட்டது, ஊரே பார்த்தது. மறு வருடம் மண் அங்கங்கே கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மெல்லிசாகப் போட்டார், ஈரம் நின்றது, களையும் குறைந்தது. அதைப் பார்த்துப் பக்கத்து வயல்காரர் செய்தார். இப்போது பதினொரு வீட்டில் அப்படித்தான் விதைக்கிறோம், எங்கள் வீடு உட்பட. யாரும் கூட்டம் போட்டுச் சொல்லித்தரவில்லை, வரப்பில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டோம்.

இனி உங்கள் படிவத்துக்கு வருகிறேன். முதல் பக்கத்திலேயே ஏழாம் நம்பர் பாரத்தின் நகல் கேட்கிறீர்கள். 2012 விவசாய நிலச் சட்டத்தின்படி கொடுக்கிற அந்த நிலப் பயன்பாட்டுச் சான்று குத்தகைக்காரியிடம் எப்படி இருக்கும், அது நிலத்துக்காரர் பெயரில் அல்லவா இருக்கும்? 1982 குடியுரிமைச் சட்டம் வந்த நாளிலிருந்து, குடியுரிமை அட்டை என்ன நிறம் (தரத்துக்கு ஒரு நிறம்) என்று யாராவது கேட்டாலே நெஞ்சு படபடக்கிற வீடுகள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. பரிசு கொடுக்கிற இடத்திலும் காகிதம்தான் முதலில் என்றால் இவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள். அக்காவும் அப்படித்தான், "நமக்கு இது வேண்டாம் தம்பி" என்று எழுந்து போய்விட்டார்.

இன்னொன்று, ஏக்கருக்கு எத்தனை கூடை கூடியது என்று கேட்டிருக்கிறீர்கள். அக்காவின் உளுந்து விளைச்சல் பெரிதாகக் கூடவில்லை. உழவுக் கூலியும் டீசலும்தான் மிச்சம், அதை எழுத அந்தப் படிவத்தில் இடமே இல்லை. 2017 ஆகஸ்டில் இந்தியா உளுந்து இறக்குமதிக்கு அளவு கட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். விலை விழுந்தபோது எங்கள் ஊரில் கடனில்லாமல் தப்பியவர்கள் குறைவாகச் செலவழித்தவர்கள்தான், அதிகம் விளைவித்தவர்கள் இல்லை.

மகாராஷ்டிரத்தில் தாதாஜி கோப்ரகடே என்று ஒரு சிறு விவசாயி இருந்தார். 1983இல் தன் வயலில் வித்தியாசமாக நின்ற சில கதிர்களைக் கவனித்துத் தனியே எடுத்து வைத்து, வருடா வருடம் விதைத்துப் பார்த்து ஒரு புது நெல் ரகத்தை உருவாக்கினார். எச்எம்டி கைக்கடிகாரத்தின் பெயரையே அந்த நெல்லுக்கு வைத்தார்கள். அக்கம்பக்கத்து விவசாயிகள் விதை வாங்கிப் போனார்கள், அங்கிருந்து மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. இந்தியாவின் தேசியப் புதுமை அறக்கட்டளை அவருக்கு விருது கொடுத்தது 2005இல்தான். அவர் வயலில் விசேஷம் இருக்கிறது என்று அக்கம்பக்கத்தாருக்கு அதற்கு எத்தனையோ வருடம் முன்பே தெரிந்திருந்தது.

நான் கேட்பது இதுதான். ஏழாம் நம்பர் பாரத்தை விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக, போட்டிக்கு வருகிறவரின் பக்கத்து வயல்காரர் இரண்டு பேரைக் கூப்பிட்டு, "இவரைப் பார்த்து நீங்கள் எதையாவது மாற்றினீர்களா, இரண்டு வருடம் கழித்தும் அப்படியே செய்கிறீர்களா" என்று கேளுங்கள். சொந்தக் கையிலிருந்து கூலி கொடுத்து ஒருவன் அதையே திரும்பச் செய்கிறான் என்றால் அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது, எந்தப் போட்டோவும் அதைக் காட்டாது. எழுத முடியாதவரை வாயால் சொல்ல விடுங்கள், தமிழில் சொன்னாலும் சரி, கரெனில் சொன்னாலும் சரி, மோனில் சொன்னாலும் சரி, கூட ஒருவர் உட்கார்ந்து பர்மியத்தில் எழுதிக்கொள்ளட்டும்.

முடிந்தால் நேரில் வாருங்கள், தை பிறந்ததும் வந்தால் உளுந்து பூவில் இருக்கும். ஊர் விலாசத்தைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். மதியத்துக்கு முன்னால் வந்து சேருங்கள், அக்கா அந்நேரம் வயலில்தான் இருப்பார். ஆனால் அவரிடம் போவதற்கு முன் அந்தப் பதினொரு வீட்டில் ஏதாவது ஒரு வீட்டில் கேட்டுவிட்டுப் போங்கள்.