ஜன்னலைத் திறந்தால் போதாது, ஐயா

கல்லூரி நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். வேதியியல் ஆய்வகத்தில் நச்சுப் புகையை வெளியே இழுத்துவிடும் ஃபியூம் ஹூட்டின் மோட்டார் நின்றுபோன கதை உங்களுக்குத் தெரியும். நான் எழுதிய மூன்று கடிதங்களும் உங்கள் ஃபைலில் பத்திரமாக இருக்கும். அதனால் நேரே போன செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

வேலந்தாவளம் பக்கத்து மாணவி ஒருத்தி நைட்ரேட் சோதனை செய்துகொண்டிருந்தாள். உப்போடு அடர் கந்தக அமிலமும் தாமிரத் துருவலும் சேர்த்துச் சூடாக்கினால் பழுப்புப் புகை வரும். வந்தது. போக வழியில்லாமல் அவள் முகத்துக்கே வந்தது. இருமினாள், தண்ணீர் குடித்தாள், பத்து நிமிடத்தில் "சரியாயிடுச்சு மிஸ்" என்றாள். நான்தான் விடாமல் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் இரவு முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் அலுவலகத்தில் கேட்டார்கள்: "ஒன்றுமில்லாததற்கு எதற்கு ஆஸ்பத்திரி?"

அந்தப் பழுப்புப் புகை நைட்ரஜன் டை ஆக்சைடு; அதன் குணம் அது. விட்டுவிட்டதுபோல் இருக்கும்; பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். இதைக் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் கற்றேன். கல்லூரிக்கு வருமுன் 12 வருடம் அங்கே ஒரு தொழிற்சாலை லேபில் இருந்தேன். ஹூட் ஓடவில்லை என்றால் அமில பாட்டிலைத் திறக்கவே விடமாட்டார் எங்கள் சூப்பர்வைசர். இயன்றவரை புகை எழும் இடத்துக்குப் பக்கத்திலேயே அதை இழுத்துவிட வேண்டும் என்றது அப்போதிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். சம்பளம் வாங்குகிறவர் மூச்சுக்குச் சட்டம் இருக்கிறது. ஃபீஸ் கட்டுகிறவள் மூச்சுக்கு ஜன்னல் இருக்கிறது.

ஆம், "ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்பதுதானே உங்கள் பதில்? பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? மேற்கு ஜன்னலைத் திறந்தால் புகை உள்ளேயே சுழலும், பர்னர் அணையும், கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும்.

எச்சரிக்கைப் பலகை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து தமிழ் மீடியத்தில் படித்து வரும் பிள்ளைகளுக்காக நானே தமிழில் எழுதி ஒட்டிக்கொண்டேன். அதற்கு உங்களைத் தொந்தரவு செய்யவில்லை. மோட்டாரை நானே எழுதி ஒட்ட முடியாது.

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022இல் கொண்டுவந்த 'பிராஃபசர் ஆஃப் பிராக்டிஸ்' திட்டத்தில் தொழில்துறை ஆள் ஒருவரை அழைக்கப் போவதாகப் போன கூட்டத்தில் சொன்னீர்கள். நல்லது. அதற்கு 15 வருட அனுபவம் வேண்டும், ஆசிரியராக இருக்கவும் கூடாது. ஆக, என் 12 வருடம் அங்கேயும் செல்லாது, சம்பளக் கணக்கிலும் செல்லாது. வருகிறவருக்கு முதலில் அந்த ஹூட்டைக் காட்டுங்கள். தொழிற்சாலைக்காரர், மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நிற்கமாட்டார்.

சரி, அது என் சொந்தப் புலம்பல், மன்னிக்கவும். கேட்பது அந்த ஒரு மோட்டார்தான். தயவுசெய்து இந்த செமஸ்டர் பிராக்டிகல் தொடங்குமுன் மாற்றிக் கொடுங்கள். அது ஓடும்வரை நைட்ரேட் சோதனையை நான் நடத்தப் போவதில்லை. பிள்ளைகளின் ரெக்கார்டில் 'ஹூட் பழுது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் காரணம் கேட்டால், அன்புகூர்ந்து நீங்களே பதில் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வேதியியல் ஆசிரியை