செயலாளர் ஆண்டறிக்கை: கடலோரப் பயணமும் பழுதுபார்ப்பு நிதியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, நம் மாற்றுத்திறனாளிகள் சங்கப் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. அடையாள அட்டை, உதவித்தொகை, ஓட்டுநர் உரிமம் என்று வந்தவர்களுக்கு அலுவலகத்தில் படிவம் நிரப்பிக் கொடுத்தோம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஆகவே, நீங்கள் கேட்கக் காத்திருக்கும் விஷயத்துக்கே வந்துவிடுகிறேன். பிப்ரவரியில் சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை நாம் போன நிதி திரட்டும் பயணம்தான் அது.

இரண்டு கால்களும் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு, பின்னால் இரண்டு பக்கமும் இணைப்புச் சக்கரம், அதாவது சைடு வீல், பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரை விலையில்லாமல் கொடுக்கிறது. நம்மில் பலர் அதில்தான் பிழைப்புக்குப் போய் வருகிறோம். ஆனால் சில வருஷம் ஓடியதும் சைடு வீல் பேரிங் போகும், ஆக்ஸில் வளையும், வெல்டிங் விடும். மற்றவர்கள் வண்டிக்கு இரண்டு டயர் என்றால் நமக்கு நாலு. சாதாரண மெக்கானிக் கடைக்குப் போனால், “இது நமக்குப் பழக்கமில்லாத வேலைண்ணே” என்று அனுப்பிவிடுகிறார்கள். ஒரு வாரம் வண்டி நின்றால் ஒரு வாரம் வருமானம் நிற்கிறது, வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டியிருக்கிறது. புது வண்டி வாங்கித் தர நன்கொடையாளர் கிடைக்கிறார்கள். ஓடுகிற வண்டிக்கு பேரிங் மாற்றப் பணம் கேட்டால் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தைப் போக்கத்தான் பழுதுபார்ப்பு நிதி தொடங்கினோம், அதற்காகத்தான் கிளம்பினோம்.

வெளிநாட்டவர் சென்னைக்கு வந்து ஆட்டோ ஓட்டப் பழகி, அதிலேயே தெற்கே நெடுந்தூரம் போகும் போட்டி பல ஆண்டுகளாக நடக்கிறது. “அவர்களைப் பார்க்க ஊர் கூடுகிறது, நம் வண்டிகளைப் பார்க்கக் கூடாமலா போய்விடும்?” என்று கேட்டவர் நம் துணைத்தலைவர். கூடியது. சைடு வீல் வைத்த ஆக்டிவா, ஜூபிட்டர், ஆக்சஸ் வண்டிகள் முன்னால் போயின. கையாலேயே பிரேக் பிடிக்கும்படி மாற்றி ஆர்.சி.யிலும் பதிந்த பழைய ஆட்டோ ஒன்று, பின்னால் பெட்டிக்கடை கட்டிய மூன்று சக்கர டிவிஎஸ் எக்ஸ்எல் ஒன்று, கடைசியாக சக்கர நாற்காலிகளையும் மெக்கானிக்கையும் சுமந்த குட்டி யானை வேன். ஒவ்வொரு வண்டியின் முதுகிலும் க்யூஆர் கோடு ஒட்டியிருந்தோம்.

மெரினாவில் நமக்காகப் போட்ட மரப்பாதை அருகிலிருந்து புறப்பட்டோம். 2022 நவம்பரில் திறந்த அந்தப் பாதை அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சீர் செய்யப்பட்டது. போட்டுக் கொடுத்ததைப் பராமரிக்கவும் வேண்டும் என்று புரியவைக்க அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

சைடு வீல் வண்டி ஓட்டாதவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வண்டி வளைவில் சாயாது. வேகமாகத் திருப்பினால் ஆளை வெளிப்பக்கம் தள்ளும். ஓரம் சரிந்த சாலையில் இடது பக்கமே இழுத்துக்கொண்டு போகும், நாள் முழுக்க ஹேண்டிலைப் பிடித்து நிறுத்தித் தோள்பட்டை கடுக்கும். பள்ளம் வந்தால் இரண்டு பக்கச் சக்கரமும் மேட்டில் உட்கார, இன்ஜினோடு சேர்ந்த நடுச்சக்கரம் அந்தரத்தில் சுற்றும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே நான்குவழிச் சாலை வேலை நடந்த மண்பாதைகளில் இப்படித்தான் மாறி மாறி நின்றோம். சுங்கச்சாவடியில் பைக்குக்கென்று விட்டிருக்கும் சந்தில் நம் வண்டி நுழையாது. கார் வரிசைக்குப் போனால் பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். 700 கிலோமீட்டருக்கு மேல் இதையெல்லாம் தாங்கி ஓட்டிய ஒவ்வொருவரையும் இந்தப் பொதுக்குழு எழுந்து பாராட்ட வேண்டும். எழ முடியாதவர்கள் கை தட்டுங்கள்.

தரங்கம்பாடியில் டேனியக் கோட்டைக்கு முன்னால் பள்ளிப் பிள்ளைகள் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு சக்கரமாகத் தொட்டுப் பார்த்தார்கள். நாகப்பட்டினத்தில் கீச்சாங்குப்பம் பக்கம் போனோம். 2004 சுனாமி அப்படியே வாரிக்கொண்டு போன மீனவர் குடியிருப்பு அது. மீன் விற்கும் அம்மா ஒருவர் உண்டியலில் பணம் போட்டுவிட்டு, “எம் பேரனுக்கு இந்த மாதிரி கிடைக்குமா தம்பி?” என்று கேட்டார். விண்ணப்பத்தைக் கூடை ஓரத்தில் வைத்தே நிரப்பி, ஆட்சியர் அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிகள் நலப் பிரிவில் எங்கே கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். அதற்கப்புறம் நின்ற எல்லா ஊரிலும் உண்டியலுக்குப் பக்கத்தில் விண்ணப்பக் கட்டையும் வைத்தோம்.

வேதாரண்யம் வரும்போது உப்பளக் காற்று பக்கவாட்டில் அடித்தது. ஒரு ஸ்கூட்டரின் ஆக்ஸில் வெல்டிங் விட்டுவிட்டது. இருட்டிவிட்ட நேரம். படகு வேலை பார்க்கும் வெல்டர் ஒருவர் பட்டறையைத் திறந்து, பழைய பற்றை உரசி எடுத்துவிட்டு, உள்ளே இரும்புத் தகடு கொடுத்துப் பற்றவைத்தார். உப்புக் காற்றில் இரும்பு சீக்கிரம் அரிக்கும், பற்றின மேல் பெயின்ட் அடிக்காமல் விடாதீங்க என்று சொல்லிக் கொடுத்தார். 2018இல் கஜா புயல் கரை கடந்த ஊர் அது. கூலி வாங்க மறுத்துவிட்டார். அந்த வண்டி கன்னியாகுமரி வரை ஓடியது, இன்றும் ஓடுகிறது. பணம் சேர்த்தால் மட்டும் நிதி பயன்படாது, ஊருக்கு ஒரு பட்டறையாவது இந்த வேலையைக் கற்றிருக்க வேண்டும் என்ற முடிவுக்குக் குழு வந்தது அந்த இரவில்தான்.

பாம்பன் பாலத்தில் காற்றுக்குப் பயந்து ஊர்ந்தோம். ஆனால் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையை மறக்கவே முடியாது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு ரொம்ப காலம் மணலில்தான் போக வேண்டியிருந்தது. 2017இல் தார்ச்சாலை முனை வரை வந்துவிட்டது. யாரும் தூக்காமல், தன் வண்டியிலேயே இரண்டு பக்கமும் கடல் பார்த்தபடி போக முடிந்ததைப் பெண் உறுப்பினர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தூத்துக்குடி, திருச்செந்தூர், உவரி எல்லாம் நல்லபடியாகக் கடந்தோம்.

ஒரு வருத்தத்தையும் பதிவு செய்கிறேன். வழியில் நம் பெண்கள் பாதி நாள் தண்ணீர் குடிக்காமலே ஓட்டினார்கள். சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை அவ்வளவு அரிது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்கு 2017இல் விதிகள் வந்தன. ஐந்து ஆண்டுக்குள் பொதுக் கட்டடங்களை மாற்றியமைக்க வேண்டும் என்ற கெடு முடிந்துவிட்டது. எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று ஊர் வாரியாகக் குறித்து வைத்திருக்கிறோம். அதை மாவட்ட வாரியாக மனுவாக்கும் பொறுப்பைப் பெண்கள் பிரிவு ஏற்றிருக்கிறது.

அடுத்து நிதி. ரொக்கமாக வந்தது முழுதும் அன்றன்றே எண்ணி, இருவர் கையெழுத்துடன் வங்கியில் கட்டப்பட்டது. வருமான வரிச் சலுகை கேட்கும் நன்கொடையாளர்களுக்கு ஒரு விஷயம்: 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது, காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுக்கச் சொல்லுங்கள். பேரிங், டயர், ஆக்ஸில், பிரேக் ஆகிய நான்குக்கும் முதலில் பணம் ஒதுக்கலாம் என்பது குழுவின் பரிந்துரை. சீட் கவர், பெயின்ட் எல்லாம் பிறகு. வண்டியை வைத்துச் சம்பாதிப்பவருக்கும், தனியாகப் பள்ளி கல்லூரி போகும் பிள்ளைகளுக்கும் முன்னுரிமை. நம் சங்கத்தில் இல்லாதவர்களுக்கும் உதவலாமா என்று சிலர் கேட்டார்கள். பணம் போட்டவர்கள் சங்கத்து உறுப்பினருக்கு மட்டும் என்று போடவில்லை. கட்டாயம் உதவ வேண்டும் என்பது என் கருத்து. இன்று தீர்மானமாக வைக்கிறேன், விவாதித்து முடிவெடுங்கள்.

சைடு வீல் வேலை தெரிந்த, அல்லது கற்றுக்கொள்ள விருப்பமுள்ள மெக்கானிக், வெல்டர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், பெயரையும் ஊரையும் தொலைபேசி எண்ணையும் கூட்டம் முடிந்ததும் வாசலில் இருக்கும் நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இன்னும் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை.

நன்றி, வணக்கம்.

செயலாளர்