இரண்டு நூல் இறக்கம்

அன்புள்ள கயல்,

போனில் பாதியில் நின்ற பேச்சை எழுதி முடிக்கிறேன். வாட்ஸ்அப்பில் தட்டினால் எனக்கு நாலு வரிக்கு மேல் ஓடாது. தாளில் எழுதிவிடுகிறேன், தம்பி படம் பிடித்து அனுப்புவான்.

நீ சொன்ன விஷயம் இதுதானே: செயலியில் ஒரு வட்டம், அதற்குள் பாட்டை ஓடவிடும் முக்கோணம். கணினியில் அளந்து நட்டநடுவில் வைத்தாய். அப்படியும் இடது பக்கம் ஒதுங்கினாற்போலவே தெரிந்தது. மேலாளர் வந்து, "கொஞ்சம் வலது பக்கம் தள்ளு" என்றார். தள்ளினாய், சரியாகிவிட்டது. "அப்போ நான் அளந்தது தப்பாப்பா?" என்று கேட்டாய்.

தப்பே இல்லை அம்மாடி. முக்கோணத்தில் கனமெல்லாம் அடிப்பக்கத்தில் இருக்கிறது, கூர்முனையில் ஒன்றும் கிடையாது. டேப் இரண்டு ஓரத்தைத்தான் அளக்கும். கண் கனத்தை அளக்கிறது. இதை நான் தினமும் தோள்பட்டைகளில் பார்க்கிறேன்.

எங்கள் தையல் தொழிலில் இரண்டு பக்கமும் ஒன்றாக வர வேண்டும் என்றால் வழி ஒன்றுதான்: துணியை இரண்டாக மடி, ஒரே வெட்டில் வெட்டு. முன்பாகமோ முதுகோ கழுத்தோ, எல்லாம் மடிப்பில்தான் பிறக்கிறது. ஆனால் அந்தத் துணி போய் உட்காருகிற உடம்பை யாரும் மடித்து வெட்டவில்லையே. வலது கைப் பழக்கம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வலது தோள் ஒரு பொட்டு இறங்கியிருக்கும். பூக்கூடை சுமக்கிற அம்மா, ஒரே தோளில் பை மாட்டுகிற காலேஜ் பிள்ளை, இவர்களுக்கெல்லாம் இன்னும் கூடுதலாகத் தெரியும். இரண்டு தோளையும் ஒரே அளவில் வெட்டித் தைத்துக் கொடுத்தால், இறங்கின பக்கம் கழுத்திலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாக ஒரு சுருக்கம் விழும். "அண்ணே, வலது பக்கம் தையல் சரியில்லை" என்று திரும்பக் கொண்டுவருவார்கள். தையல் சரியாகத்தான் இருக்கும். தோள்தான் இறங்கியிருக்கும்.

அதனால் அந்தப் பக்கத் தோளை மட்டும் இரண்டு நூல் இறக்கி வெட்டுகிறோம். கைக்குழியையும் அதே அளவு கீழே கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் அக்குளில் பிடிக்கும். இரண்டு நூல் என்றால் கால் இஞ்ச், அவ்வளவுதான். இப்படி வெட்டிய ஜாக்கெட்டை மேஜையில் விரித்தால் கோணலாகத் தெரியும். உடுத்தினால் நேராக நிற்கும். வாடிக்கையாளரிடம் இதையெல்லாம் விளக்கமாட்டேன். சொன்னால் வீட்டுக்குப் போய் மடித்துப் பார்ப்பார்கள், அப்புறம் கேட்கவே வேண்டாம்.

நான் தொழில் பழகியது மதுரைப் புதுமண்டபத்தில். இப்போது கடைகளெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அப்போது தூணுக்குத் தூண் மிஷின் கிடக்கும். திருமலை நாயக்கர் வசந்த உற்சவத்துக்காகக் கட்டிய மண்டபம் அது. கைகூப்பி நிற்கும் நாயக்க மன்னர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் காஜா எடுத்தேன். அங்கே இருந்த மாஸ்டர், அளவு எடுக்கும்போது ஆளை "நேரா நில்லுங்க" என்று சொல்லவே விடமாட்டார். சொன்னால் எவரும் தோளைத் தூக்கிக்கொண்டு சிலை மாதிரி நிற்பார்கள், அந்த அளவு அந்த நிமிஷத்துக்குத்தான் உதவும். ஊர் எது, கல்யாணம் யாருக்கு என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுப்பார். பேசும்போதுதான் தோள் தன் இடத்துக்கு வரும்.

கட்டம் போட்ட சட்டைத் துணி வந்தால் நான் முதலில் என்ன செய்வேன் தெரியுமா? ஒரு பெரிய கோட்டின் நடுவில் துணியை மடித்துப் பார்ப்பேன். மேல்மடிப்பின் கோடுகள் கீழே இருப்பதன் மேல் அப்படியே உட்கார்ந்தால் நல்ல கட்டம். நீலம், மெல்லிய மஞ்சள், பச்சை, மறுபடி நீலம் என்று ஒரே திசையில் ஓடுகிற கட்டமாக இருந்தால் உட்காராது. அதை மடித்து வெட்டினால் இடது பாகத்தில் மஞ்சள் உள்ளே இருக்கும், வலது பாகத்தில் வெளியே போகும். அதனால் துணியை ஒற்றையாக விரித்து, ஒவ்வொரு பாகத்தையும் ஒரே திசையில் வைத்துத் தனித்தனியாக வெட்ட வேண்டும். துணி கூடுதலாகப் பிடிக்கும், நேரமும் பிடிக்கும். ரெடிமேட் சட்டை வாங்கும்போது பாக்கெட்டைப் பார். பாக்கெட்டின் கோடும் நெஞ்சின் கோடும் ஒட்டி ஓடினால் வெட்டியவன் பொறுமைசாலி.

ஒன்று கவனித்தாயா, அந்தப் பாக்கெட் இடது பக்கம் மட்டும்தான் இருக்கிறது. ஆண்கள் சட்டையில் இடது பாகம் வலதின் மேல் ஏறுகிறது, காஜா ஒரு பக்கம், பட்டன் ஒரு பக்கம். மடித்து வெட்டியதாகச் சொல்கிற சட்டையிலேயே இத்தனை ஒற்றை. ஆனாலும் சட்டை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை.

நம் மீனாட்சி அம்மன் கோயிலும் இந்தச் சாதிதான். சுவாமி சன்னிதிக்கு நேரே, கிழக்குக் கோபுரத்திலிருந்து மேற்குக் கோபுரம் வரை சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டில் கோயிலை மடிப்பதாக நினைத்துக்கொள். எதுவும் பொருந்தாது. அம்மன் சன்னிதி கோட்டுக்குத் தெற்கே, சுவாமிக்கு வலப்பக்கம் இருக்கிறது. வடக்கே அதற்கு ஜோடி கிடையாது. தெற்கே பொற்றாமரைக் குளம் வானம் பார்த்துத் திறந்து கிடக்கிறது. வடகிழக்கே ஆயிரங்கால் மண்டபம், பெயர் ஆயிரமானாலும் எண்ணினால் 985 தூண், அடர்ந்து நிற்கிறது. ஒரு பக்கம் காலி, ஒரு பக்கம் நெருக்கம். கும்பிடுவதிலும் முதலில் மீனாட்சி, அப்புறம்தான் சொக்கர். "உங்க வீட்ல மதுரையா சிதம்பரமா?" என்று ஊரே கேட்கிறது. நம் வீட்டுக் கதை உனக்கே தெரியும்.

வெளியே நிற்கும் நாலு பெரிய கோபுரங்களைப் பார். தூரத்தில் இருந்து, அதுவும் பாலத்தில் பஸ் ஏறும்போது பார்த்தால், ஒரே கை செய்தது போல இருக்கும். கிழக்குக் கோபுரம் 13ஆம் நூற்றாண்டு, பாண்டியர் காலம். தெற்குக் கோபுரம் 16ஆம் நூற்றாண்டு, நாலிலும் உயரம் அதுதான். வடக்குக் கோபுரம் முடியாமல் கிடந்து, 19ஆம் நூற்றாண்டில்தான் முழுசானது. இன்றைக்கும் பழைய ஆட்கள் அதை மொட்டைக் கோபுரம் என்றே சொல்வார்கள். உயரம் வேறு, காலம் வேறு, மேலே இருக்கிற சுதைப் பொம்மைகளின் எண்ணிக்கை வேறு. கண் நாலையும் ஒரு செட்டாகச் சேர்த்துக்கொள்கிறது.

இதற்கு நேர்மாறாக, கச்சிதமாக அளந்து செய்தும் ஜோடி சேராததும் உண்டு. போன மாதம் பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போயிருந்தோம். வாசலின் இரண்டு பக்கமும் ஃபைபர் யானை. ஒரே அச்சில் வார்த்தது, அளவு மாறாது. இரண்டும் தும்பிக்கையை வலது பக்கமே வளைத்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்று உள்ளே வருகிறவர்களை வரவேற்கிறது, இன்னொன்று கார் நிறுத்துமிடத்தை வரவேற்கிறது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, உன் அம்மா முறைத்தாள்.

புதிதாக வேலைக்கு வருகிற பையன்கள் எல்லோரும் ஒருமுறை இதைச் செய்வார்கள். சட்டைக் கைக்கு முன்வளைவு வேறு, பின்வளைவு வேறு. பேப்பர் கட்டிங்கைத் திருப்பிப் போடாமல் இரண்டு தடவை வரைந்து வெட்டிவிட்டு, இரண்டு இடது கையோடு வந்து நிற்பார்கள். இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான், அதனாலேயே ஜோடி ஆகாது. சன்னிதி வாசலில் துவாரபாலகர்களைச் செய்த சிற்பிக்கு இது அத்துப்படி. ஒருவர் வலது காலை மடித்தால் மற்றவர் இடது காலை மடிப்பார், நடுவில் வாசல்.

வெள்ளியம்பலத்தில் நடராசர் கால் மாறி ஆடுகிறாரே, அதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். மற்ற ஊர்களில் பெரும்பாலும் இடது காலைத் தூக்குவார், மதுரையில் வலது காலைத் தூக்கியிருப்பார். ராஜசேகர பாண்டியன் நடனம் பழகிவிட்டு உடம்பு நோவு தாங்காமல், ஒரே காலில் எப்போதும் நிற்கிற இறைவனுக்கு எவ்வளவு வலிக்கும் என்று உருகி, கால் மாற்றி ஆடும்படி கேட்டான் என்பது திருவிளையாடல். நாள் முழுக்கக் கட்டிங் மேஜையில் ஒரு காலில் சாய்ந்து நிற்கிறவனுக்கு அந்தப் பாண்டியன் மேல் தனிப் பிரியம் வரும். சிதம்பரத்து மூர்த்தியையும் நம் மூர்த்தியையும் மனதில் எதிரெதிரே நிறுத்திப் பார், நடுவில் ஒரு வாசல் இருப்பது போலத் தெரியும்.

எனக்குத் தெரிந்த கணக்கு மடிப்புக் கணக்கு. உன் அம்மாவுக்கு வேறொன்று தெரிகிறது. அவள் போடுகிற சிக்குக் கோலங்களில் சிலதை எந்தக் கோட்டில் மடித்தாலும் பொருந்தாது, நான் பார்த்துவிட்டேன். கம்பி ஒரு மூலையில் இடது பக்கம் சுழித்து ஏறுகிறது, மடிப்புக்கு எதிர்ப்பக்கம் வலது சுழி இருக்க வேண்டும், இருக்காது. ஆனால் கோலத்தைக் கால் சுற்றுத் திருப்பினால் அப்படியே பழையபடி நிற்கும். ஐந்து புள்ளி ஐந்து வரிசை நேர்ப்புள்ளி வைத்துவிட்டு, ஒரு மூலையை முடிப்பாள். எழுந்து அடுத்த பக்கம் போய், அதே கை வீச்சை மறுபடி போடுவாள். கோலத்தைச் சுற்றி அவள் சுற்றுகிறாள், கை மட்டும் மாறுவதில்லை. கம்பி கடைசியில் கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்துவிடும். சென்னை கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் மற்றவர்களும் 1974இலேயே கோலத்துக்குக் கணினி இலக்கணம் எழுதினார்கள் என்று நீதானே சொன்னாய். அதை அம்மாவிடம் சொன்னேன். "கம்ப்யூட்டருக்குக் குனிய வேண்டாம்ல" என்றாள்.

திருமலை நாயக்கர் 1645இல் வெட்டிய தெப்பக்குளத்தைச் சதுரம் என்றுதான் எல்லோரும் சொல்வோம். உண்மையில் ஒரு பக்கம் 1000 அடி, மறுபக்கம் 950 அடி. 50 அடி வித்தியாசத்தைக் கண் விட்டுவிடுகிறது, தோளில் இரண்டு நூலைப் பிடித்துக்கொள்கிறது! இதை யோசித்துப் பார்த்தேன். இரண்டு தோளும் ஒரே பார்வையில் பக்கத்துப் பக்கத்தில் விழுகின்றன, நடுவில் கழுத்து தராசு முள் போல நிற்கிறது. குளத்தின் இரண்டு கரையை அப்படிச் சேர்த்துப் பார்க்க வழியில்லை, பார்வை நேரே மைய மண்டபத்துக்குப் போய்விடுகிறது. உன் வட்டத்துக்குள் முக்கோணம் மாட்டிக்கொண்டதும் இதனால்தான். சின்ன வட்டம், ஓரம் பக்கத்திலேயே இருக்கிறது. பெரிய பலகையில் வைத்திருந்தால் உங்கள் மேலாளர் கண்ணில் பட்டிருக்காது.

நாயக்கர் மகாலைப் பற்றி நீ கேட்டிருந்தாய். 1636இல் கட்டியதில் இன்றைக்கு நிற்பது கால்வாசிதான் என்கிறார்கள். சொர்க்கவிலாசம் இருக்கிறது, அதற்கு இணையாக இருந்த ரங்கவிலாசம் போய்விட்டது. முற்றத்தில் நின்று பார்க்கிறவர்களுக்கு எதுவும் குறைவதாகவே தோன்றாது. லைனிங் துணி வாங்கப் பத்துத்தூண் சந்துக்குப் போகும்போதுதான், துணிக்கடைகளுக்கு நடுவே அந்தத் தூண்கள் தலையில் கூரை இல்லாமல் நிற்பதைப் பார்த்து, அரண்மனை எவ்வளவு தூரம் இருந்திருக்கும் என்று மலைப்பேன்.

சரி, வேலை விஷயம். தை மாதம் உன் அத்தை மகள் கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்க வேண்டும். நீ விட்டுப்போன பழைய அளவு ஜாக்கெட்டை நம்பி வெட்டமாட்டேன். அது காலேஜ் படிக்கும்போது தைத்தது, இப்போது லேப்டாப் பையைச் சுமந்து தோள் எப்படி இருக்கிறதோ. இப்போது உடுத்துகிற ஒன்றைப் பார்சலில் அனுப்பு. பையை எந்தத் தோளில் மாட்டுகிறாய் என்று மறக்காமல் எழுது. கூடவே, சேலை இல்லாமல் சுடிதாரில் சாதாரணமாக நின்று ஒரு படமும் வேண்டும். நேராக நிற்க முயற்சி பண்ணாதே. செல்ஃபி மட்டும் எடுத்து அனுப்பிவிடாதே, வேறு யாரையாவது எடுக்கச் சொல். சில போன் இடதை வலமாக்கிச் சேமித்துவிடுகிறது, நான் பாட்டுக்கு இரண்டு நூலை மாற்றுத் தோளில் இறக்கிவிடுவேன்.

அன்புடன்,
அப்பா