திரும்பாதே என்று கத்தியது நான்தான்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் திண்ணை வரை போய் வருகிறாய் என்று படித்த பிறகுதான் எனக்குச் சமாதானம். பிசியோதெரபிக்கு வரும் பெண் உன்னை விரட்டி விரட்டி வேலை வாங்குகிறாள் என்று புலம்பியிருக்கிறாய். வாங்கட்டும். பள்ளிக்கூடத்தில் நீ என்னை எத்தனை சுற்று ஓடவிட்டாய், அந்தக் கணக்கெல்லாம் இப்போதுதான் தீர்கிறது.

'இந்த வயசில் உனக்கு எதுக்குடா ஓட்டம்?' என்று கேட்டிருக்கிறாய். நான் ஒன்றும் ஆசைப்பட்டு ஆரம்பிக்கவில்லை. சர்க்கரை ஏறிவிட்டது, டாக்டர் நடக்கச் சொன்னார். காலை ஐந்தரைக்கு ஏரிக்கரையில் நடப்பேன். அங்கே ஒரு செவலை நாய். முதல் வாரம் குரைத்தது, இரண்டாவது வாரம் துரத்தியது. அப்படி ஓட ஆரம்பித்தவன்தான். இப்போது அது என்னைப் பார்த்தால் தலையைக்கூடத் தூக்குவதில்லை, ஆனால் என் ஓட்டம் நிற்கவில்லை. போன ஜனவரியில் அரை மாரத்தான் முடித்தேன். 21 கிலோமீட்டர், 2 மணி 51 நிமிடம். பதினேழாவது கிலோமீட்டரில் தண்ணீரும் கடலை மிட்டாயும் கொடுத்துக்கொண்டு நின்ற கல்லூரிப் பெண், 'சூப்பர் அங்கிள், இன்னும் கொஞ்சம்தான்' என்றாள். அந்தப் பொய்யை நம்பித்தான் மிச்சத்தை முடித்தேன். கட்டைவிரல் நகம் கறுத்து, போன மாதம் விழுந்தேவிட்டது.

ஓடுகிறவனுக்குக் கூடவே வரும் வியாதி, ஓடினவர்களைப் பற்றிப் படிப்பது. ராத்திரி தூக்கம் வராவிட்டால் போனில் பழைய மாரத்தான்களைத் தேடிப் பார்க்கிறேன். நீயும் மல்லாந்து படுத்துத்தானே கிடக்கிறாய், உனக்கும் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் நம் பி.டி. சார் சொன்ன கதை. கேன்வாஸ் ஷூ வேண்டும் என்று நாம் போய் நின்றபோது, 'எத்தியோப்பியாக்காரன் ஒருத்தன் வெறுங்காலோடு ஓடி ஒலிம்பிக்ஸில் தங்கம் வாங்கினான், உங்களுக்கு ஷூ கேக்குதோ?' என்றாரே. ஷூ வாங்கித் தராமல் தப்பிக்கக் கட்டிவிட்ட கதை என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கதை நிஜம். அபேபே பிகிலா, மன்னர் ஹைலே செலாசியின் மெய்க்காவல் படையில் சிப்பாய். 1960, ரோம். காலுக்குச் சரியான ஷூ அமையவில்லை, பழகியதும் வெறுங்காலில்தான், அப்படியே இறங்கிவிட்டார். ஓட்டம் முடிந்தது இருட்டிய பிறகு. வழியில் இத்தாலியச் சிப்பாய்கள் தீப்பந்தம் பிடித்து நின்றார்கள். எத்தியோப்பியாவைப் பிடித்தபோது முசோலினியின் ஆட்கள் ஆக்சும் நகரத்திலிருந்து ஒரு கல்தூணைப் பெயர்த்து வந்து, 1937-இல் ரோமில் நிறுத்தியிருந்தார்கள். ஓட்டப் பாதை அதை ஒட்டித்தான் போனது. கூடவே ஓடிவந்த மொராக்கோக்காரர் ராதியை பிகிலா கழற்றிவிட்டது சரியாக அந்தத் தூணுக்குப் பக்கத்தில். 2 மணி 15 நிமிடம் 16 வினாடி, அன்றைக்கு உலகத்திலேயே அதுதான் வேகம். அந்தத் தூண் ஊர் திரும்ப 2005 ஆனது.

சார் நம்மிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. நான்கு வருஷம் கழித்து டோக்கியோவில் அதே பிகிலா ஷூ போட்டுக்கொண்டு ஓடினார். நேரம் இன்னும் மூன்று நிமிடம் குறைந்தது, 2:12:11. அதுவும் குடல்வால் ஆபரேஷன் ஆகி ஆறு வாரத்தில். இதை உன் பிசியோதெரபிப் பெண்ணிடம் மட்டும் சொல்லிவிடாதே.

இப்போதைய ஆட்களையும் பார்க்கிறேன். என் மகனுக்குக் கென்யாவின் எலியுட் கிப்சோகே என்றால் சாமி. 2019-இல் வியன்னாவில் 1:59:40, இரண்டு மணி நேரத்துக்குள் 42 கிலோமீட்டர். முன்னால் காற்றைத் தடுக்க மாற்றி மாற்றி ஓட ஆட்கள், வேகம் காட்ட ரோட்டில் ஒளிக்கோடு வீசும் கார் என்று எல்லாம் ஏற்பாடு செய்த ஓட்டம், அதனால் சாதனைக் கணக்கில் சேரவில்லை. பிரமிப்பாக இருந்தது, ஆனால் கல்யாண வீடியோ பார்ப்பதுபோல் கொஞ்ச நேரத்தில் அலுத்துவிட்டது. மகனிடம் சொன்னேன், இரண்டு நாள் பேசவில்லை. கெல்வின் கிப்டம் விஷயம் வேறு. 2023 அக்டோபரில் சிகாகோவில் 2:00:35, அது அவர் வாழ்க்கையில் ஓடிய மூன்றாவது மாரத்தான். நான்கே மாதத்தில் கார் விபத்து. கூட இருந்த பயிற்சியாளரும் போய்விட்டார். பையனுக்கு வயது 24.

சரி, இதையெல்லாம் சொல்வதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை. டோக்கியோவில் மூன்றாவது வந்த ஒருவர் இருக்கிறார். ஒரு மாதமாக என்னைத் தூங்கவிடாமல் பண்ணுகிறவர் அவர்தான்.

பிகிலா ஓட்டத்தை முடித்துவிட்டு, மைதானத்துக்கு நடுவே புல்லில் படுத்துக் காலை மேலே தூக்கி உடற்பயிற்சி செய்ய ஆரம்பித்துவிட்டார். இன்னும் பத்து கிலோமீட்டர் ஓடச் சொன்னால் ஓடியிருப்பார்போல. நான்கு நிமிடம் கழித்து வாசலில் இரண்டாவது ஆள் தெரிகிறார். கோகிச்சி சுபுராயா, ஜப்பான்காரர், வயது 24, ஃபுகுஷிமா மாவட்டத்துக்காரர், தற்காப்புப் படையில் (அவர்கள் ராணுவம்) வேலை. சொந்த ஊர்க் கூட்டம், எப்படி இரைந்திருக்கும் பார். அவருக்குப் பின்னாலேயே இங்கிலாந்தின் பாசில் ஹீட்லி நுழைகிறார். பிகிலா அன்று முறியடிக்கும்வரை உலகத்தின் வேகமான நேரம் ஹீட்லி பெயரில்தான் இருந்தது. கடைசிச் சுற்று. சுபுராயா தலை குனியாமல், பக்கத்தில் பார்க்காமல், ஒரே சீராக ஓடுகிறார். வளைவில் ஹீட்லி அவரைத் தாண்டும்போதுதான் பின்னால் ஆள் வந்ததே தெரிந்ததுபோல் இருக்கிறது அந்த முகம். அப்போது முடுக்கக் காலில் ஒன்றும் மிச்சமில்லை. ஹீட்லி 2:16:19, சுபுராயா 2:16:22. (பன்னிரண்டு வருஷம் கழித்து மாண்ட்ரீல் ஒலிம்பிக்ஸில் நம் இந்தியாவின் சிவ்நாத் சிங் பதினோராவதாக வந்தாரே, தசமத்தை விட்டுவிட்டால் அவர் நேரமும் இதே 2:16:22தான். நோட்டில் இரண்டையும் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன், எதற்கென்று கேட்காதே. அந்த சிவ்நாத்துதான் 1978-இல் ஜலந்தரில் 2:12:00 ஓடினார், நாற்பது வருஷத்துக்கு மேல் இந்தியாவில் யாரும் அதைத் தொடவில்லை.)

சுபுராயா ஏன் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை? சின்ன வயதில் பள்ளி ஓட்டப் பந்தயம் ஒன்றில் திரும்பிப் பார்த்தாராம். அப்பா கூப்பிட்டுத் திட்டியிருக்கிறார், ஓடுகிறவன் பின்னால் பார்க்கக் கூடாது என்று. அதற்கப்புறம் பார்ப்பதேயில்லை.

இதைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன், மாப்ளே. எனக்கு நம் மாவட்டப் போட்டி வந்துவிட்டது.

மூவாயிரம் மீட்டர், ஏழரைச் சுற்று. சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்துபோன அந்த மண் ட்ராக். ஐந்தாவது சுற்றிலிருந்து நீதான் முன்னால். நான் கடைசி வளைவில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கையில் உன் சட்டையும் ஒரு எலுமிச்சம்பழமும். நீ வளைவுக்கு வந்தபோது அந்த நீல பனியன்காரன் உனக்குப் பின்னால் நாலைந்து அடியில் வந்துவிட்டான். உனக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும், உன் தலை லேசாக இடது பக்கம் அசைந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்தது. 'திரும்பிப் பார்த்தால் ரெண்டு மீட்டர் போச்சு' என்று பி.டி. சார் நம் மண்டையில் ஏற்றிய பாடம். நான் தொண்டை கிழியக் கத்தினேன், 'திரும்பாதே, ஓடு!' என்று. உன் தலை நேராகிவிட்டது. அவன் வெளிப்பக்கமாக வந்து, நாடாவில் நெஞ்சு முட்டும் நேரத்தில் உன்னைத் தாண்டினான்.

அவனுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர், உனக்கு சோப்பு டப்பா. மாநிலப் போட்டிக்கு முதல் ஆள் மட்டும். பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஊர் வரும்வரை பேசவில்லை. அடுத்த வருஷம் நீ மைதானத்துக்கே வரவில்லை. ஏன் தோற்றாய் என்று என்னிடம் கேட்டவர்களிடம் எல்லாம் 'கடைசியில் அவனுக்கு மூச்சு வாங்கிடுச்சு' என்று நான்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நான் கத்தியதை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடமும்தான். 'வர்றான்டா' என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். கத்துவதற்கு இரண்டு வார்த்தை இருந்தது, நான் தப்பான வார்த்தையை எடுத்தேன்.

சுபுராயாவின் மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில் தடகளத்தில் ஜப்பானுக்குக் கிடைத்த ஒரே பதக்கம் அவருடைய வெண்கலம். 1936-க்கு அப்புறம் அதுதான் முதல் தடவை. ஊரே கொண்டாடியது. அவருக்கு மட்டும், இத்தனை பேர் கண் முன்னால் கோட்டை விட்டோமே என்பதுதான். அடுத்த ஒலிம்பிக்ஸ் மெக்சிகோவில், அங்கே சரிபண்ணிவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேசி வைத்திருந்த கல்யாணத்தை, ஒலிம்பிக்ஸ் முடியட்டும் என்று மேலதிகாரி நிறுத்தினார். பெண்ணுக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது. முதுகில் ஆபரேஷன் வேறு. 1968 ஜனவரியில், புது வருஷத்துக்கு வீட்டுக்குப் போய் வந்த கொஞ்ச நாளில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். 27 வயது. எழுதி வைத்துவிட்டுப் போன கடிதத்தில் அப்பா அம்மாவுக்கும் அண்ணன் அண்ணிமாருக்கும் பெயர் பெயராக நன்றி சொல்லியிருக்கிறார், பெரும்பாலும் சாப்பாட்டுக்கு. கிழங்குக் கூழ் நன்றாக இருந்தது, உலர்ந்த சீமைப் பனிச்சம்பழம் நன்றாக இருந்தது, அரிசிப் பலகாரம் நன்றாக இருந்தது என்று. கடைசியில், களைத்துவிட்டேன், இனி ஓட முடியாது என்று. எனக்கு அந்தச் சாப்பாட்டுப் பட்டியலைத் தாண்ட முடியவில்லை.

அவரோடு டோக்கியோவில் ஓடி எட்டாவது வந்தவர் கென்ஜி கிமிஹாரா. சுபுராயாவின் சிநேகிதர். சுபுராயா போன அந்த 1968-லேயே அக்டோபரில் மெக்சிகோ ஒலிம்பிக்ஸ். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர், நின்றாலே மூச்சு வாங்கும். பிகிலாவே காலில் காயத்தோடு வந்து பதினேழாவது கிலோமீட்டர் வாக்கில் நின்றுவிட்டார். அவருடைய நாட்டுக்காரர் மாமோ வோல்டே ஜெயித்தார். இரண்டாவதாக மைதானத்துக்குள் வந்தவர் கிமிஹாரா. அவரும் ஓடும்போது திரும்பிப் பார்க்கிற ஆள் இல்லை. அன்று என்னவோ, மைதானத்துக்குள் வந்ததும் திரும்பிவிட்டார். நியூசிலாந்தின் மைக் ரயன் பின்னால் நெருங்கி வந்துகொண்டிருந்தார். கிமிஹாரா இருந்ததையெல்லாம் கூட்டி ஓடி, 14 வினாடி வித்தியாசத்தில் வெள்ளியைப் பிடித்தார். சுபுராயாதான் என்னைத் திரும்ப வைத்தான் என்கிற மாதிரி பின்னால் சொல்லியிருக்கிறார். வயதான பிறகும் சுபுராயாவின் ஊருக்குப் போய், கல்லறையில் பாதி பீரை ஊற்றிவிட்டு மீதியைத் தான் குடிப்பாராம்.

அதே மெக்சிகோவில் தான்சானியாவின் ஜான் ஸ்டீபன் அக்வாரி கீழே விழுந்து, முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, ஜெயித்தவருக்கு ஒரு மணி நேரத்துக்கும் பின்னால் நொண்டியபடி வந்து முடித்தார். முடித்தவர்களில் அவர்தான் கடைசி, 57-ஆவது. உன் முழங்காலுக்கு இவர் தோதான ஆள். வீடியோவை உன் மருமகள் நம்பருக்கு அனுப்பியிருக்கிறேன், போட்டுக் காட்டச் சொல்.

இங்கே வேறு விசேஷம் ஒன்றுமில்லை. மாவடு போட்டிருக்கிறோம், தம்பி மகன் அந்தப் பக்கம் வரும்போது ஒரு பாட்டில் கொடுத்துவிடுகிறேன். உப்புக் கொஞ்சம் தூக்கல், தங்கச்சியிடம் முன்னாலேயே சொல்லிவிடு. பொங்கல் கழிந்து நானே ஒரு நடை வருகிறேன்.

அதுவரை காத்திருக்க முடியாது, அதனால் இதை மட்டும் ஒரு கார்டிலாவது எழுதிப் போடு. அன்று அந்த வளைவில் நான் கத்தியது உன் காதில் விழுந்ததா?

என்றும் உன்,
கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவன்