பறந்தவர்களே எழுதிய நூல்களை வாங்குங்கள்: நூலகத் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். பொது நூலகங்களுக்கு நூல்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பிலுள்ள தாங்கள், விமானம் ஓட்டியவர்களும் துருவப் பனியில் நடந்தவர்களும் தாங்களே எழுதிய நூல்களை அடுத்த கொள்முதலில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலில் பறந்தவர் யார், எந்த ஆண்டில் என்பதைப் பொது அறிவு நூல்கள் சொல்லிவிடும். நள்ளிரவில் கடலுக்கு மேல் தனியாக இருப்பவர் எரிபொருளைக் கணக்கிட்டு எப்படி முடிவெடுக்கிறார் என்பதை அறிய, பறந்தவரிடமே போக வேண்டும்.

என் முதல் பரிந்துரை, பிரெஞ்சு விமானியும் எழுத்தாளருமான அந்த்வான் து செந்த்-எக்சுபெரி 1939-இல் வெளியிட்ட, ஆங்கிலத்தில் ‘விண்ட், சாண்ட் அண்ட் ஸ்டார்ஸ்’ எனப்படும் நூல். 1935 டிசம்பர் இறுதியில், பாரிசிலிருந்து வியட்நாமின் சைகோனுக்குப் பறக்கும் முயற்சியில் அவரது விமானம் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் மோதி நொறுங்கியது. அவரும் மெக்கானிக் பிரெவோவும் கையிலிருந்த சிறிதளவு நீரும் தீர்ந்து, கானல் காட்சிகளுக்கு நடுவே நாட்கணக்கில் நடந்து, இறுதியில் பாலைவன நாடோடி அரபியரான ஒரு பெடூயினால் காப்பாற்றப்பட்ட வரலாற்றைப் படிக்கும்போது நமக்கே தொண்டை வறண்டுவிடும். எனினும், அவர் தம் வீரத்தைப் பேசவில்லை. தபால் விமானிகளின் கடமையையும் தோழமையையுமே பேசுகிறார். நம் நாட்டிலும், 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குக் கொண்டுவந்த தபாலை, அவருடைய கூட்டாளியான விமானி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறந்து சேர்த்தார். அந்தத் தலைமுறைத் தபால் விமானிகளின் உலகை உணர, இதைவிட நல்ல நூலை நான் படித்ததில்லை.

அமெரிக்க விமானி சார்லஸ் லிண்ட்பெர்கின் ‘த ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்’ (1953) வேறு வகையானது. 1927 மே மாதம் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்கு முப்பத்து மூன்றரை மணி நேரம் தனியாகப் பறந்த அவர், எடையைக் குறைக்க வானொலிக் கருவியைக்கூட விட்டுச் சென்றார். பெரிய எரிபொருள் தொட்டி முன்னால் மறைத்ததால் நேரே பார்க்க முடியாது. தூக்கத்தோடு அவர் நடத்திய போராட்டமே நூலின் உயிர். அவருடைய அரசியல் கருத்துகள் எனக்கு உடன்பாடானவை அல்ல. அதற்காக இந்நூலை ஒதுக்கிவிடக் கூடாது.

கென்யாவில் வளர்ந்து, குதிரைகளைப் பந்தயத்துக்குப் பழக்கி, பின்னர் விமானியான பெரில் மார்க்கமின் ‘வெஸ்ட் வித் த நைட்’ (1942) நூலைப் பெண் பிள்ளைகள் கட்டாயம் படிக்க வேண்டும். 1936-இல் இங்கிலாந்திலிருந்து மேற்கு நோக்கி, எதிர்காற்றில் அட்லாண்டிக்கைத் தனியே கடந்து, எஞ்சினுக்கு எரிபொருள் வராமல் போனதால் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் சதுப்பு நிலத்தில் இறங்கியவர் அவர்.

பறத்தலைச் சாராத ஒரு நூலையும் சேர்க்கிறேன்: ஆப்ஸ்லி செர்ரி-காரார்டின் ‘த வொர்ஸ்ட் ஜர்னி இன் த வேர்ல்ட்’ (1922). எம்பரர் பென்குயின் முட்டைகளுக்காக 1911-இன் அண்டார்க்டிகக் குளிர்கால இருளில் அவர் உட்பட மூவர் சென்று, மூன்று முட்டைகளோடு திரும்பினர். மற்ற இருவரும் அடுத்த ஆண்டு, தென் துருவப் பயணத் தலைவர் ஸ்காட்டுடன் மடிந்தனர். அவர்களைத் தேடிச் சென்ற குழுவில் இருந்தவரே இதை எழுதினார் என்பதால், ஒவ்வொரு பக்கத்திலும் துயரம் கனக்கிறது.

தமிழாக்கம் உள்ளவற்றைத் தமிழிலும் மற்றவற்றை ஆங்கிலத்திலும் வாங்கி, மாணவர்கள் தாமே எடுத்துப் புரட்டக்கூடிய தட்டில் வையுங்கள். அருகில் ஓர் உலக வரைபட நூலும் இருக்கட்டும். பயணங்களின் வழியை அதில் தேடிப் பார்த்தபடி படிப்பதே தனி இன்பம்.

இப்படிக்கு,
ஒரு நூலக வாசகர்