கடைசிக்குத் தள்ளப்பட்ட ஸ்கேன்: மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஸ்கேன் அறை வாசலில் என் தம்பி மூன்று முறை காத்திருந்து திரும்பிய விவரம் தாங்கள் அறிந்ததே. எழுதித் தந்த புகாருக்குப் பதில் வராததால், அவன் சம்மதத்தோடு, பெயர் குறிப்பிடாமல் இம்மடலை எழுதுகிறேன்.

எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் தொற்று உறுதியானபோதே, அவனுடைய நோய் எதிர்ப்பு அணுக்களின் அளவான சி.டி.4 எண்ணிக்கை 46-க்கு இறங்கியிருந்தது. விடாத காய்ச்சலும் வயிற்று வலியும் இருந்தும், சளிப் பரிசோதனையிலும் மார்பு எக்ஸ்-ரேயிலும் ஒன்றும் தென்படவில்லை. எதிர்ப்பாற்றல் இவ்வளவு குன்றியவர்களுக்குக் காசநோய் நுரையீரலில் தெரியாமல் வயிற்றுக்குள் நெறிகட்டியிருக்கக்கூடும் என்று விளக்கிய ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சை) மருத்துவர், அன்றே வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கும்படி சீட்டு எழுதித் தந்தார். தங்கள் ஊழியர்கள் தந்த தேதியோ ஒன்பது நாள் கழித்து.

அன்று காலை ஆறு மணிக்கே வியாசர்பாடியிலிருந்து வெறும் வயிற்றோடு வந்தோம். பதிவேட்டில் அவன் பெயரைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, "இது கடைசியில்தான்" என்றார்கள். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, பிற்பகல் மூன்று மணிக்கு, நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். ஸ்கேன் முடிந்ததும் அவன் சாப்பிடட்டும் என்று நான் வாங்கி வைத்திருந்த பன்னை, 39 கிலோ எடையுள்ள அவன் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து, பாதிக்கு மேல் விழுங்க முடியாமல் என் கையில் தந்தான். இன்னும் இரண்டு நாட்கள் இதுவே நடந்தது.

சீட்டு எழுதிய பத்தொன்பதாம் நாள் எடுத்த ஸ்கேனுக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பெருந்தமனியை ஒட்டி வீங்கிய நிணநீர்க் கணுக்கள், மண்ணீரலில் சிறு கரும்புள்ளிகள், அடிவயிற்றில் சிறிது நீர். அன்று மாலையே காசநோய் மருந்து தொடங்கினார்கள். காசநோய் உண்டா இல்லையா என்பது தெளிவாகாததால் அதுவரை எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தும் தள்ளிப்போயிருந்தது.

ஆகவே தங்களிடம் முதலில் கேட்பது இதுதான்: சி.டி.4 எண்ணிக்கை 200-க்குக் கீழ் உள்ளவர்களுக்கு மருத்துவர் கோரும் வயிற்று ஸ்கேனை அன்றே எடுக்க வேண்டும்.

தோல்மேல் ஜெல் தடவி நகர்த்தும் கருவியால் எச்.ஐ.வி. பரவாது என்பதை ஒரு நோயாளியின் அக்காள் தங்கள் துறைக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பது விந்தைதான். சிகிச்சையில் பாகுபாடு கூடாது என்னும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது; அதைச் சொல்லும் பலகைக்கு நேர் கீழேதான் எங்களை உட்கார வைத்தார்கள். நிழலாவது கிடைத்தது. நம் நாட்டில் இத்தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1986-இல் இதே சென்னையில்தான். இத்தனை ஆண்டுகளில் சிவப்பு ரிப்பன் குத்தக் கற்றுக்கொண்ட நாம், சிவப்பு மையைக் கீழே வைக்க இன்னும் கற்கவில்லை.

வார்த்தை கடுமையாகியிருந்தால் பொறுத்தருள்க. தேதி கொடுக்காமல் அன்றே எடுக்கவும், வட்டமிடாமல் வந்த வரிசைப்படி அழைக்கவும் எழுத்துமூலம் ஆணையிடுமாறு பணிவுடன் மீண்டும் வேண்டுகிறேன். தம்பிக்கு அடுத்த மாதம் மறு ஸ்கேன் எழுதியிருக்கிறார்கள். அன்றும் ஆறு மணிக்கே வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
நோயாளி ஒருவரின் அக்காள்,
வியாசர்பாடி, சென்னை